தேங்காப்பட்டணம் முதல் சங்குமுகம் வரை: விமானத்தின் இறக்கத்தை அளப்பது எப்படி?

சங்குமுகம் கடற்கரையை ஒட்டிய திருவனந்தபுர விமான நிலையத்தில் '32' எனப்படும் ஓடுதள முனைக்கு வரும் விமானங்கள் தென்கிழக்கிலிருந்து, கடற்கரையை ஒட்டியே இறங்குகின்றன. தேங்காப்பட்டணம், நீரோடி, பூவார், விழிஞ்ஞம், கோவளம் என்று கரையோர ஊர்கள் வரிசையாக அந்தக் கோட்டிலேயே கிடக்கின்றன. கொல்லங்கோட்டுக் கடற்கரையில் கொஞ்ச நேரம் நின்றால் ஒன்றைக் கவனிக்கலாம். ஒரு விமானம் சத்தமே இல்லாமல் வழுக்கிப் போகும். அடுத்து வருவதும் அதே ரகம்தான், ஆனால் இன்ஜின் உறுமக் கடக்கும். முதலாவது எரிபொருளை மிச்சம்பிடித்து இறங்குகிறது. இரண்டாவது உயரத்தை முன்னதாகவே தொலைத்துவிட்டு, கீழே அடர்ந்த காற்றில் மட்டமாகப் பறந்து எண்ணெயைக் கரைக்கிறது.

இந்த வித்தியாசத்தை ஊகிக்காமல் எண்ணில் அளக்கும் முறையைக் கீழே தருகிறோம். போன், காகிதம், கால்குலேட்டர் இருந்தால் போதும். ஊர்ப் பெயர்களை மாற்றிக்கொண்டால் கோவைக்கும் கொச்சிக்கும் சென்னைக்கும் இதே கணக்குச் செல்லும்.

எல்லாம் ஒரே எண்ணில் இருக்கிறது

ஜெட் விமானம் இறங்கும்போது பைலட் இன்ஜினை ஐடிலுக்கு, அதாவது மிகக் குறைந்த ஓட்டத்துக்குக் குறைத்துவிடுவார். அதன்பின் உயரத்தைச் செலவழித்துத்தான் விமானம் வேகத்தைக் காக்கிறது. ஏர்பஸ் ஏ320, போயிங் 737 ரகங்கள் இப்படி வழுக்கினால் ஆயிரம் அடி உயரத்துக்கு ஏறத்தாழ 3 கடல் மைல் போகும். நடுவில் எங்கும் மட்டம் பிடிக்காமல் ஓடுதளம் வரை இப்படியே வருவது தொடர் இறக்கம். தொழிலில் இருப்பவர்கள் சி.டி.ஓ. என்பார்கள். சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பான ஐகாவோ இதற்கென்றே 2010இல் 9931ஆம் எண் கையேட்டை வெளியிட்டது. 10,000 அடியில் கொஞ்சம், 6,000 அடியில் கொஞ்சம், 3,000 அடியில் கொஞ்சம் என்று நின்று நின்று வருவது படி இறக்கம்.

படி இறக்கத்தைப் பார்த்ததும் பைலட்டைக் குறை சொல்வது புதியவர்கள் வழக்கமாகச் செய்வது. இன்ஜினை எப்போது குறைக்கலாம் என்பது ஒரே எண்ணைப் பொறுத்தது: தரையைத் தொட இன்னும் எத்தனை மைல் பறக்க வேண்டும்? இது வரைபடத்தில் நேராக அளக்கும் தூரம் அல்ல, சுற்றி வளைத்துப் பறக்கப்போகும் தூரம். இங்கே அதை மிச்சத் தூரம் என்று சொல்வோம். திருவனந்தபுரத்தின் தம்பானூர் ஸ்டாண்டு எங்கே என்று தெரிந்த பஸ் டிரைவர் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எங்கே எடுப்பது என்று தானே முடிவு செய்வார். போகும் வழியைக் கடைசி நிமிடத்தில் ஒருவர் சொல்வதாக இருந்தால் அவரால் முடியாது.

விமானத்துக்கு அந்த வழியைத் தரையிலிருந்து சொல்பவர் வான்போக்குவரத்துக் கன்ட்ரோலர். பல சமயம் அவருக்கே அது பத்து நிமிடத்துக்கு முன்தான் தெரியவரும். மிச்சத் தூரம் தெரியாத பைலட் முன்னதாக இறங்கும் பக்கமே சாய்வார். உயரம் மிஞ்சிவிட்டால் இறங்குதலே கெடும். உயரம் குறைந்துவிட்டால் எண்ணெய்தான் போகும். வான்போக்குவரத்துக் கட்டுப்பாட்டை நவீனமாக்குகிறோம் என்று யார் எந்தக் கருவியைக் காட்டினாலும், இது மிச்சத் தூரத்தைப் பைலட்டுக்கு எவ்வளவு சீக்கிரம், எவ்வளவு உறுதியாகத் தருகிறது என்று கேளுங்கள். அந்தப் பதிலை வைத்தே கருவியின் மதிப்பை எடைபோடலாம்.

எடுத்துவைக்க வேண்டியவை

ஃப்ளைட்ரேடார்24 செயலி ஒன்று. ஃப்ளைட்அவேர் தளம் இன்னொன்று. முதலாவது பார்க்க அழகு. அளக்க இரண்டாவதே வசதி, ஏனென்றால் ஒவ்வொரு விமானத்துக்கும் 'ட்ராக் லாக்' என்ற அட்டவணை அதில் கிடைக்கும். நேரம், அட்சரேகை, தீர்க்கரேகை, தரைவேகம், உயரம், இறங்கும் விகிதம் எல்லாம் வரிவரியாக இருக்கும்.

அடுத்து மெட்டார், அதாவது விமான நிலைய வானிலை அறிக்கை. அமெரிக்காவின் ஏவியேஷன் வெதர் சென்டர் தளத்தில் 'விஓடிவி' என்ற திருவனந்தபுரக் குறியீட்டை இட்டால் வரும்.

மூன்றாவது, இந்திய விமான நிலைய ஆணையமான ஏ.ஏ.ஐ. இணையத்தில் இலவசமாக வைத்திருக்கும் ஏ.ஐ.பி. என்னும் வான்வழித் தகவல் ஆவணத்தின் திருவனந்தபுரப் பகுதி. அணுகுபாதை வரைபடங்கள் அதில் உண்டு. முதல் நாளே அதில் மூழ்க வேண்டாம். சில விமானங்களை அளந்த பிறகு திறந்தால் கோடுகள் தானே புரியும்.

ஏ.டி.சி. பேச்சை, அதாவது கன்ட்ரோலரும் பைலட்டும் பேசுவதைக் கேட்கும் ரேடியோ வாங்க வேண்டுமா என்று சிலர் கேட்பதுண்டு. வேண்டாம். இந்தியாவில் வயர்லெஸ் கருவி வைத்திருப்பதற்குச் சட்டக் கட்டுப்பாடு உண்டு, இந்தக் கணக்குக்கு அது தேவையும் இல்லை.

அலகுகளை ஒருமுறை மனதில் ஏற்றிக்கொள்ளுங்கள். 1 கடல் மைல் 1.852 கி.மீ. மணிக்கு 1 கடல் மைல் போனால் 1 நாட். கீழே 'மைல்' என்று வருவதெல்லாம் கடல் மைல்தான்.

படி 1: எந்த முனையில் இறங்குகிறார்கள்?

திருவனந்தபுரத்தில் இருப்பது ஒரே ஓடுதளம், ஏறத்தாழ 3,400 மீட்டர். தென்கிழக்கிலிருந்து வந்து இறங்கினால் அதன் பெயர் 32. வடமேற்கில், கடல் மேலிருந்து வந்து இறங்கினால் 14. எண்ணோடு ஒரு பூஜ்யம் சேர்த்தால் மூக்கு பார்க்கும் திசை கிடைக்கும்: 320 பாகை, 140 பாகை.

மெட்டாரில் '30008கேடி' என்று இருந்தால் காற்று 300 பாகையிலிருந்து 8 நாட். விமானம் எதிர்காற்றில் இறங்குவதால் அன்று 32. '15006கேடி' என்றால் 14ஆக இருக்கலாம். இதைப் பார்க்காமல் அட்டவணையில் இறங்கினால் 14க்குப் போகும் விமானத்தை 32இன் கோட்டில் வைத்து அளந்துகொண்டிருப்பீர்கள்.

அதே வரியில் 'கியூ1009' போல ஒன்று இருக்கும். அது காற்றழுத்தம். குறித்துவையுங்கள், படி 5இல் வேண்டும்.

படி 2: 3 பாகைக் கோட்டை ஊர்களின் மேல் வைப்பது

ஓடுதளத்துக்கு வழிகாட்டும் ஐ.எல்.எஸ். ரேடியோ கதிரின் வழக்கமான சரிவு 3 பாகை. அதாவது ஒரு மைலுக்கு 318 அடி. ஓடுதள முனையைக் கடக்கும்போது உயரம் சுமார் 50 அடி. எனவே:

உயரம் = மைல் × 318 + 50

32ஆம் முனையிலிருந்து தென்கிழக்காகக் கோடு நீட்டி வரைபடத்தில் அளந்தால், ஊர்களுக்கு நேராக இந்த எண்கள் வரும். எல்லாம் ஏறத்தாழ:

கோவளம்: 5 மைல், 1,650 அடி
விழிஞ்ஞம்: 6.5 மைல், 2,100 அடி
பூவார்: 12 மைல், 3,850 அடி
நீரோடி: 15 மைல், 4,800 அடி
தேங்காப்பட்டணம்: 20 மைல், 6,400 அடி

இதை ஒரு சீட்டில் எழுதிப் போன் உறைக்குள் வைத்துக்கொள்ளலாம். நீரோடிக்கு நேராக ஒரு விமானம் 4,800 அடி சுமாரில் இறங்கிக்கொண்டே போனால் நல்ல இறக்கம். 2,500 அடியில் மட்டமாகப் போனால் அது எண்ணெய் எரிக்கிறது. எல்லா விமானமும் தேங்காப்பட்டணம் வரை வந்து திரும்பாது. பூவார்ப் பக்கத்திலேயே கோட்டில் சேர்பவையும் உண்டு. அவற்றுக்கு இந்த ஊர் அடையாளம் பொருந்தாது. படி 4இல் சொல்லும் தூரக் கணக்குத்தான் பொருந்தும்.

படி 3: இறக்கம் எங்கே தொடங்கியிருக்க வேண்டும்?

உயரத்தை ஆயிரத்தில் எடுத்து 3ஆல் பெருக்குங்கள். வேகத்தைக் குறைக்க 10 மைல் சேருங்கள். சென்னையிலிருந்து 34,000 அடியில் வரும் ஏ320க்கு 34 × 3 = 102; 10 சேர்த்தால் 112 மைல்.

மதுரைக்கும் திருவனந்தபுர விமான நிலையத்துக்கும் நேர்கோட்டில் 112 மைல்தான். ஆக மதுரைக்கு மேலே இன்ஜினைக் குறைக்க வேண்டும் என்று தோன்றும். அதுதான் தவறு. 32க்கு இறங்க அந்த விமானம் நேராக வர முடியாது. தெற்கே போய், பூவார்ப் பக்கம் கடற்கரைக் கோட்டைப் பிடித்து, வடமேற்காகத் திரும்ப வேண்டும். மதுரை முதல் பூவார் வரை சுமார் 114, பூவாரிலிருந்து முனை வரை 12, மொத்தம் 126. எனவே மதுரையைத் தாண்டி 14 மைல் போய், திருமங்கலத்துக்கும் விருதுநகருக்கும் நடுவே தொடங்குவதே சரி. உண்மையில் விமானங்கள் பிரசுரித்த வான்பாதையில் வருவதால் சில மைல் கூடும் குறையும்; கணக்கின் போக்கு இதுதான்.

தேங்காப்பட்டணம் வரை வந்துதான் திரும்ப வேண்டும் என்று கன்ட்ரோலர் நினைத்திருந்தால் தொடங்கும் இடம் இன்னும் தெற்கே நகரும். விருதுநகர் மேலே பறக்கும் பைலட்டுக்கு இது தெரியுமா என்பதில்தான் மொத்த விஷயமும் இருக்கிறது.

காற்றுக்கும் திருத்தம் உண்டு. இறக்கத்தில் சராசரி வேகம் 350 நாட் என்று வைத்தால், 35 நாட் பின்காற்று 10 சதவீதம். அப்போது 102 மைலோடு இன்னொரு 10 மைல் சேர்த்து முன்னதாகத் தொடங்க வேண்டும். எதிர்காற்றானால் கழியுங்கள். நம் பகுதியில் ஜூன் முதல் செப்டம்பர் வரை இது விளையாட்டுக் காட்டும்: உச்சியில் கிழக்குக் காற்று, 5,000 அடி வாக்கில் வலுத்த மேற்குக் காற்று. சென்னையிலிருந்து தென்மேற்காக வருபவருக்கு மேலே பின்காற்று, கீழே எதிர்காற்று. ஒரே காற்றை வைத்துக் கணக்குப் போட்டால் இரண்டு இடத்திலும் தப்பும். விமானக் கணினிக்கும் இதே கதிதான். பல உயரங்களின் காற்றை அதில் ஏற்றாவிட்டால் அது காட்டும் தொடக்கப் புள்ளியை நம்ப முடியாது.

படி 4: ட்ராக் லாக்கைக் கீழிருந்து மேலாகப் படிப்பது

மேலிருந்து படித்தால் குழம்பும். தரையைத் தொட்ட கடைசி வரியிலிருந்து பின்னோக்கிப் போங்கள். ஒவ்வொரு இரண்டு வரிக்கும் நடுவே உள்ள தூரம்:

தரைவேகம் × விநாடி ÷ 3,600

180 நாட்டில் 30 விநாடி என்றால் 1.5 மைல். இப்படிக் கூட்டிக்கொண்டே போனால் ஒவ்வொரு வரிக்கும் மிச்சத் தூரம் வந்துவிடும். அட்சரேகை தீர்க்கரேகையை வைத்து நேர்தூரம் போட வேண்டாம். வளைந்து வந்த தூரம் அதில் காணாமல் போகும். 40 மைல் வரை பின்னோக்கிப் போனால் போதும். பெரும்பாலான விரயம் அதற்குள்தான்.

இப்போது உயரப் பத்தியைப் பாருங்கள். இறங்கும் விகிதம் நிமிடத்துக்கு 300 அடிக்குக் கீழே வந்து, 20 விநாடிக்கு மேல் அப்படியே இருந்தால் அது மட்டப் பறப்பு. ஐரோப்பாவில் யூரோகன்ட்ரோல் கைக்கொள்ளும் அளவு இது. லண்டன் ஹீத்ரோவில் வேறு அளவுகோல்: 6,000 அடிக்குக் கீழே 2.5 மைலுக்கு மேல் மட்டமாகப் பறக்காவிட்டால் தொடர் இறக்கம் என்றே எண்ணிவிடுவார்கள். தொடங்குபவர்களுக்கு நாங்கள் பரிந்துரைப்பது ஹீத்ரோ அளவுகோலைத்தான். ட்ராக் லாக்கின் வரிகள் 20 விநாடியைப் பிடிக்கும் அளவுக்கு நெருக்கமாக எப்போதும் இருப்பதில்லை. தவிர, இறக்கையின் பின்விளிம்புத் தகடான ஃப்ளாப்பை இறக்கி வேகம் குறைக்கும் இடத்தில் ஒரு மைல் மட்டமாகப் போவது விரயம் அல்ல, தேவை.

மாதிரிக்கு ஒன்று, எண்கள் கற்பனை. தேங்காப்பட்டணத்துக்கு நேராக, 20 மைலில், ஒரு ஏ320 ஏற்கெனவே 3,000 அடிக்கு வந்துவிட்டது. தரைவேகம் 210 நாட். 3 பாகைக் கோடு 3,000 அடியை வெட்டுவது 9.3 மைலில், பூவாரைத் தாண்டி. அதுவரை 10.7 மைல் மட்டம், ஏறத்தாழ 3 நிமிடம். நீரோடி, பூவார்க்காரர்கள் கேட்கும் உறுமல் இதுதான்.

இதன் விலை என்ன? ஏ320 உயரத்தில் பறக்கும்போது மைலுக்கு ஏறத்தாழ 5 கிலோ எரிக்கும். 3,000 அடியில், 210 நாட்டில் மைலுக்கு 10 முதல் 11 கிலோ. அந்த 10.7 மைலை எப்படியும் பறந்தே ஆக வேண்டும். எங்கே பறந்தார் என்பதுதான் கேள்வி. கீழே பறந்தால் 112 கிலோ. முன்கூட்டியே தெரிந்து, அதே மைல்களை 34,000 அடியில் கழித்துவிட்டு இறங்கியிருந்தால் 54 கிலோ. வித்தியாசம் 58 கிலோ, ஏறத்தாழ 72 லிட்டர். விமான எரிபொருள் 1 கிலோ எரிந்தால் 3.16 கிலோ கார்பன் டை ஆக்சைடு, ஆக 180 கிலோ சொச்சம்.

மட்டப் பறப்பில் எரிந்ததை முழுக்க விரயம் என்று எழுதுகிறவர்கள் உண்டு. அப்படி எழுதினால் மிச்சம் இரண்டு மடங்காகக் கணக்கில் வந்துவிடும். மேலே அதே தூரத்துக்கு ஆகும் செலவைக் கழித்துவிட்டே சொல்ல வேண்டும்.

வளைகுடாவிலிருந்து வரும் 777 போன்ற பெரிய விமானத்துக்கு இந்த எண்களை 3ஆல் பெருக்கலாம். ஏ.டி.ஆர். 72க்கு இந்தக் கணக்கு வேண்டாம். அது புரொப்பெல்லர் ரகம். தாழ்வாகப் பறந்தாலும் இவ்வளவு தண்டம் இல்லை.

படி 5: போன் காட்டும் உயரம் உண்மை உயரம் அல்ல

எண்கள் ஏன் பொருந்தவில்லை என்று தலையைப் பிய்த்துக்கொள்வது பெரும்பாலும் இங்கேதான்.

விமானம் ஏ.டி.எஸ்.-பி. கருவி வழியாக ஒலிபரப்பும் உயரம், கடல் மட்ட அழுத்தம் 1013.25 ஹெக்டோபாஸ்கல் என்று வைத்துக் கணக்கிட்டது. அன்றைய அழுத்தம் 1009 என்றால் 4 குறைவு. ஒரு ஹெக்டோபாஸ்கலுக்கு சுமார் 28 அடி. எனவே போன் காட்டுவது 110 அடி சொச்சம் அதிகம்.

வெப்பம் இதற்கு நேர் எதிராக இழுக்கும். கணக்கின் தர வெப்பநிலை கடல் மட்டத்தில் 15 பாகை செல்சியஸ். நம் கடற்கரையில் 30. காற்று விரிந்திருப்பதால், விமானம் உண்மையில் இருக்கும் உயரத்தைவிடக் கருவி 5 சதவீதம் அளவுக்குக் குறைத்துக் காட்டும். நீரோடிக்கு மேல் 4,800 அடியில் இது 240 அடி. ஆக ஒன்று 110 கூட்டுகிறது, மற்றது 240 குறைக்கிறது; ஐ.எல்.எஸ். கதிரில் துல்லியமாக வரும் விமானமே உங்கள் திரையில் 130 அடி தாழ்ந்து தெரியும்.

இதற்கெல்லாம் திருத்தம் போட்டு மெனக்கெட வேண்டியதில்லை. 300 அடிக்கு உட்பட்ட வித்தியாசத்தை வித்தியாசமாகவே எடுத்துக்கொள்ளாதீர்கள். மட்டப் பறப்பைக் கண்டுபிடிக்க உயரம் மாறாமல் இருப்பதுதான் முக்கியம், உயரம் எவ்வளவு என்பது அல்ல.

அவர்கள் ஏன் படிபோட்டு இறக்குகிறார்கள்?

ரேடார் கண்காணிப்பில் இரண்டு விமானங்களுக்கு நடுவே நிலையத்தைச் சுற்றிய வான்வெளியில் 3 மைலும், வான்பாதையில் 5 மைலும் இடைவெளி வைப்பது பொதுவான வழக்கம். இல்லையென்றால் உயரத்தில் 1,000 அடி. பெரிய விமானத்தின் பின்னால் ஏ320 வந்தால், காற்றுச் சுழலுக்குப் பயந்து 5 மைல். ஒரு 777, அதன் பின்னே ஒரு ஏ320, நடுவில் மெதுவாக ஒரு ஏ.டி.ஆர். என்று மூன்று ஒரே சமயத்தில் வந்தால் கன்ட்ரோலருக்குக் கையில் இருக்கும் எளிய ஆயுதம் உயரம். ஒருவரை 7,000இல் நிறுத்து, இன்னொருவரை 6,000இல் நிறுத்து. மோதல் பயம் போயிற்று. இது சோம்பேறித்தனம் அல்ல. வழுக்கி வரும் விமானம் இன்னும் ஐந்து நிமிடத்தில் எந்த உயரத்தில் இருக்கும் என்று அவருக்குத் துல்லியமாகத் தெரியாது. மட்டமாகப் பறப்பது எங்கே இருக்கும் என்று தெரியும்.

மேற்குத் தொடர்ச்சி மலையும் உண்டு. அகத்தியமலை 1,868 மீட்டர், 6,100 அடிக்கு மேல். அதன் மேல் மலைப்பகுதிக்கான இடைவெளியும் வைத்தாக வேண்டும். கிழக்கிலிருந்து வருபவரைத் தாழ்வாகக் குறுக்கே இழுத்து வரும் வசதி இங்கே குறைவு.

கருவி ஏதும் இல்லாமலே கன்ட்ரோலர் செய்யக்கூடிய உதவி ஒன்று உண்டு: 'ட்ராக் மைல்ஸ் 35' என்று மிச்சத் தூரத்தை வாயால் சொல்வது. அதுகூட நல்ல இறக்கத்தைத் தரும். இறங்கச் சொல்லும்போதே 'வென் ரெடி' (தயாரானதும்) என்று சேர்த்தால், தொடங்கும் இடத்தைப் பைலட்டே தேர்ந்துகொள்வார்.

நவீனமாக்கல்: எதற்கு எவ்வளவு மதிப்பு?

அதிக மதிப்பு, குறைந்த செலவு என்றால் பிரசுரித்த வருகைப் பாதைக்குத்தான் முதலிடம். இதை ஸ்டார் என்பார்கள். இரண்டு வகை. திறந்த ஸ்டார் ஓடுதளத்துக்குக் கொஞ்சம் முன்னால் முடிந்துவிடும். மீதியைக் கன்ட்ரோலர் திசை சொல்லித் திருப்புவார். மூடிய ஸ்டார் இறுதிக் கோடு வரை ஒட்டிப் போகும். ஆகையால் விமானக் கணினிக்கு மிச்சத் தூரம் நூறு மைலுக்கு முன்பே தெரியும். காகிதத்தில் ஒரு கோடு கூடுதல், அவ்வளவுதான். ஏ.ஐ.பி.யில் உங்கள் விமான நிலையத்தின் ஸ்டார் வரைபடத்தைத் திறந்து, கோடு ஓடுதளத்தின் அணுகுபாதையோடு சேர்கிறதா, நடுவில் அறுந்து நிற்கிறதா என்று பாருங்கள். கருவிப் பட்டியல்களைவிட இது அதிகம் சொல்லும். மூடிய பாதை நெரிசலில் உடையும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்: இடைவெளிக்காகக் கன்ட்ரோலர் விமானத்தைப் பாதையிலிருந்து விலக்கிய அந்தக் கணமே கணினி காட்டும் தூரம் பொய்யாகிவிடும்.

அதற்கு மாற்றாக வந்தது பாயின்ட் மெர்ஜ். ஒரு புள்ளியை மையமாக வைத்து வில் போலப் பாதை; வில்லின் எந்த இடத்திலிருந்து திரும்பினாலும் அந்தப் புள்ளிக்கு ஏறத்தாழ ஒரே தூரம். கன்ட்ரோலர் 'இப்போது திரும்பு' என்று மட்டும் சொல்வார். சொன்ன நொடியில் பைலட்டுக்கு மிச்சத் தூரம் கிடைத்துவிடும். ஆஸ்லோவில் 2011இல் முதலில் நடைமுறைக்கு வந்தது. குறை: வில்லின் மேல் பறப்பது மட்டப் பறப்பு, அதற்கு வான்வெளியில் இடமும் நிறைய வேண்டும். திருவனந்தபுரம் அளவு போக்குவரத்துக்கு இது அதிகப்படி என்பது எங்கள் அபிப்பிராயம்.

ஏமேன் என்னும் வருகை வரிசை மென்பொருள், யார் எத்தனை மணிக்கு இறங்குவார் என்று நூறு மைலுக்கு அப்பாலேயே வரிசைப்படுத்தும். கீழே சுற்ற வைப்பதற்குப் பதில் மேலேயே வேகத்தைக் குறைக்கச் சொல்லலாம். பக்கத்துக் கட்டுப்பாட்டு மையமும் ஒத்துழைத்தால்தான் பலன்.

கண்காணிப்பில், ரேடார் ஒரு சுற்றுச் சுற்ற 4 முதல் 12 விநாடி ஆகும். ஏ.டி.எஸ்.-பி. கிட்டத்தட்ட ஒவ்வொரு விநாடியும் இடம் சொல்லும். இதனால் இடைவெளியை நம்பிக்கையோடு நெருக்கலாம். மிச்சத் தூரத்தை மட்டும் இது தானாகத் தராது. கடல் மேல் வரும் வளைகுடா விமானங்களுக்கு சி.பி.டி.எல்.சி. என்ற எழுத்துச் செய்தி வசதி, இரைச்சலான எச்.எஃப். ரேடியோவுக்குப் பதில். செய்தி தெளிவாகச் சேரும் என்பது லாபம்.

ககன் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இஸ்ரோவும் ஏ.ஏ.ஐ.யும் சேர்ந்து அமைத்த செயற்கைக்கோள் துணை வழிகாட்டி இது. ஜி.பி.எஸ். பிழையைத் திருத்தி ஜிசாட் செயற்கைக்கோள்கள் வழியாக அனுப்பும். 2015இல் செங்குத்து வழிகாட்டலுக்குச் சான்று பெற்றது. 2022 ஏப்ரல் 28 அன்று ராஜஸ்தானின் கிஷன்கரில் இண்டிகோவின் ஏ.டி.ஆர். 72 இதைக் கொண்டு இறங்கியது. ஐ.எல்.எஸ். இல்லாத ஓடுதள முனையிலும் 3 பாகைக் கோட்டைக் காட்டும் என்பதால் அங்கே படி இறக்கத்துக்கு அவசியம் போய்விடுகிறது. விமானத்தில் அதற்கான ரிசீவர் இருக்க வேண்டும் என்பதுதான் நிபந்தனை. ஏற்கெனவே பறக்கும் ஜெட்களில் பலவற்றில் அது கிடையாது.

இதில் நம் பகுதிக்கென்று ஒரு சிக்கலும் உண்டு. பூமியின் காந்த நடுக்கோட்டுக்கு அருகே இருப்பதால்தான் திருவனந்தபுரத்தை ஒட்டிய தும்பாவை ராக்கெட் ஏவத் தேர்ந்தெடுத்தார்கள். அதே காரணத்தால் சூரியன் சாய்ந்த பிறகு இங்கே அயனி மண்டலம் கலங்கி, செயற்கைக்கோள் சமிக்ஞை தடுமாறும். ககனுக்கென்று இஸ்ரோ தனி அயனி மண்டல மாதிரி எழுத வேண்டிவந்தது இதனால்தான்.

ராணுவ வான்வெளியைத் தேவையில்லாத நேரத்தில் சிவில் விமானங்களுக்குத் திறந்துவிடும் ஏற்பாட்டால் வழி நேராகும். ஆனால் எப்போது திறக்கும் என்று முன்கூட்டித் தெரியாமல் கடைசி நிமிடத்தில் குறுக்குவழி கொடுத்தால், உயரம் மிஞ்சி, இறக்கை மேல் காற்றைத் தடுக்கும் ஸ்பீட் பிரேக்கை நீட்ட வேண்டிவரும். குறுக்குவழி எல்லாம் சேமிப்பு அல்ல.

கணக்கைக் கெடுப்பவை

வேகம் ஏறாமல் நிமிடத்துக்கு 2,500 அடிக்கு மேல் இறங்கினால், அதுவும் 10,000 அடிக்குக் கீழே, ஸ்பீட் பிரேக் நீட்டியிருக்கக்கூடும். மட்டப் பறப்பு இல்லாவிட்டாலும் அது நல்ல இறக்கம் அல்ல. பைலட் நினைத்ததைவிட வழி சுருங்கிவிட்டது என்று அர்த்தம். மிச்சத் தூரம் தப்பாகத் தெரிவதில் இது மறுபக்கம்.

மழைக்காலத்தில் மேகத்துக்குள் புகும்போது இன்ஜினில் பனிநீக்கியைப் போடுவார்கள். ஐடில் கொஞ்சம் ஏறும், விமானம் நினைத்த அளவு இறங்காது. ஜூனில் அளந்த சரிவும் பிப்ரவரியில் அளந்த சரிவும் வேறுபட்டால் உடனே கன்ட்ரோலரைக் காரணம் காட்ட வேண்டாம்.

இறுதிக் கோட்டில் இறங்கும் விகிதம் தரைவேகத்தின் 5 மடங்கு இருக்கும். 140 நாட் என்றால் நிமிடத்துக்கு 700 அடி. பொதுவாக 1,000 அடிக்குள் வேகம், சக்கரம், ஃப்ளாப் எல்லாம் நிலைப்பட்டிருக்க வேண்டும். இல்லையென்றால் மீண்டும் மேலே ஏறிச் சுற்றி வருவார்கள். அப்படிச் சுற்றியவற்றைப் பட்டியலிலிருந்து நீக்குங்கள். ஒரு சுற்று பல தொடர் இறக்கங்களின் சேமிப்பை விழுங்கிவிடும். எவ்வளவு எண்ணெய் மிச்சமானாலும் எந்தப் பைலட்டும் நிலைப்படாத இறக்கத்தைத் தொடரக் கூடாது என்பதற்குப் பாதுகாப்பு முதல் காரணம், கணக்கும் அதே பக்கம்தான்.

நாளைத் தேர்ந்தெடுப்பதிலும் கவனம் வேண்டும். பத்மநாபசுவாமி கோயிலின் பங்குனி, ஐப்பசி ஆராட்டு நாட்களில் ஊர்வலம் ஓடுதளத்தைக் கடந்துதான் சங்குமுகத்துக்குப் போகும்; சில மணி நேரம் விமான நிலையமே மூடியிருக்கும். முன்னும் பின்னும் வரும் விமானங்கள் நெருக்கியடிக்கும். தும்பாவில் ராக்கெட் ஏவுவதாக விமானிகளுக்கான நோட்டாம் அறிவிப்பு வந்த நேரத்தையும் தவிருங்கள்.

20 விமானங்கள் சேர்ந்ததும் மட்டப் பறப்பு மைல்களை இறங்கிய மணிப்படி வரிசைப்படுத்துங்கள். விரயம் ஒன்றிரண்டு மணி நேரத்தில் மட்டும் குவிந்தால் நெரிசல் காரணம். வரிசை மென்பொருள் உதவும். வானம் காலியாக இருக்கும் அதிகாலையிலும், எல்லாரும் ஒரே உயரத்தில், ஒரே இடத்தில் மட்டம் பிடித்தால் நெரிசல் காரணம் அல்ல. பாதை வரைபடத்திலோ வான்வெளி எல்லையிலோ அந்த உயரம் எழுதப்பட்டிருக்கும், ஏ.ஐ.பி.யைத் திறந்து அந்த எண்ணைத் தேடுங்கள். கிடைத்தால் எழுதிக் கேட்க வேண்டிய இடம் ஏ.ஏ.ஐ.தான். திருவனந்தபுர விமான நிலையத்தை 2021 அக்டோபர் முதல் தனியார் நடத்தினாலும் வான்போக்குவரத்துக் கட்டுப்பாடு இன்னும் ஏ.ஏ.ஐ.யிடமே இருக்கிறது. விமான எண், தேதி, உயரம், மட்டமாகப் பறந்த மைல் ஆகிய நான்கையும் அட்டவணையாக வைத்து எழுதுங்கள்.